சிக்கனச் செலவில் சுநாதம்: சேத்தூர் வீட்டுக் கூடத்துக்கு ஏற்ற ஸ்டீரியோ

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சேத்தூரிலும், தமிழகத்தின் மற்றச் சிற்றூர்களில் உள்ளது போலவே, அண்மைக் காலத்தில் எழுந்த வீடுகளின் கூடங்கள் பெரும்பாலும் கான்கிரீட் கூரையும் சிமெண்டு பூசிய சுவர்களும் வழவழப்பான டைல்ஸ் தரையும் கொண்டவையாக, பத்தடிக்குப் பன்னிரண்டு அடி என்ற அளவை ஒட்டியே அமைகின்றன. இத்தகைய கூடத்துக்கு ஓர் இசைக்கருவி வாங்க நினைக்கும் குடும்பம் இருபதாயிரம் அல்லது முப்பதாயிரம் ரூபாயை ஒதுக்கினால், அந்தப் பணம் ஆறு பெட்டிகள் கொண்ட 5.1 ஹோம் தியேட்டருக்கோ, தரையை அதிரவைக்கும் பெரிய சப்வூஃபருக்கோ போய்விடுவதே வழக்கமாக இருக்கிறது. அதே தொகையை ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கருக்கும், அளவான ஓர் ஆம்ப்ளிபயருக்கும், ராஜபாளையம் வட்டாரத்துக்கே உரிய பஞ்சுக்கும் துணிக்கும் பகிர்ந்து செலவிட்டால், அந்தக் கூடத்தில் கேட்கும் இசையின் தரம் மூன்று மடங்கு விலையுள்ள கருவிகளோடு போட்டியிடும் அளவுக்கு உயரும் என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

ஒரு கருவி இசையை இசையாக ஒலிக்கிறதா என்பதை அறியும் உரைகல் மனிதக் குரல். பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனமான பி.பி.சி.யின் பொறியாளர்கள், வெளியிட ஒலிபரப்பு வண்டிகளின் குறுகிய இடத்தில் வைத்துப் பயன்படுத்துவதற்காக 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கிய எல்.எஸ். 3/5ஏ என்ற சிறிய ஸ்பீக்கரைச் செம்மைப்படுத்தியபோது, கருவிகளின் அளவீடுகளோடு நிற்காமல், நேரில் பேசும் குரலையும் பதிவான அதே குரலையும் ஒப்பிட்டுக் கேட்கும் முறையையும் துணையாகக் கொண்டனர். ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய அந்தப் பெட்டி அரை நூற்றாண்டு கடந்த பின்னும் மதிக்கப்படுவதற்கு, குரலின் இயல்பை அது குலைக்காமல் தருவதே காரணம்.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவரின் காதுக்கு இந்தச் சோதனை இன்னும் கூர்மையாக அமைகிறது. லகர, ளகர, ழகர வேறுபாட்டையும் ரகர, றகர வேறுபாட்டையும் காது பிரித்தறிவதற்கு உதவும் ஒலியாற்றல் பெரும்பாலும் 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை. இரண்டு கோன்கள் கொண்ட ஸ்பீக்கர்களில், தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபரும் உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டரும் கைமாற்றிக்கொள்ளும் எல்லையை, அதாவது கிராஸ்ஓவர் எனப்படும் பிரிப்புப் புள்ளியை, வடிவமைப்பாளர்கள் வழக்கமாக 2000 முதல் 3000 ஹெர்ட்ஸுக்குள்தான் வைக்கின்றனர். ஆகவே பிரிப்பு வேலை அரைகுறையாகச் செய்யப்பட்ட ஸ்பீக்கரில் முதலில் அடிபடுவது பாடலின் சொல்லே. கிராஸ்ஓவர் என்ற பெயரில் ஒரே ஒரு கண்டென்சரை மட்டும் ட்வீட்டரோடு கோத்துவிடும் மலிவான பெட்டிகளில் பாடகரின் சகரம் சீறுவதும், ழகரம் மழுங்குவதும் இதனால்தான்.

குரலுக்கு அடுத்த உரைகல் தம்புரா. நான்கு தந்திகளை மட்டும் மீட்டும் அந்தக் கருவியின் குதிரைமேல், தந்திக்குக் கீழே செருகப்படும் ஜீவா என்னும் நூல், ஒவ்வொரு தந்தியிலிருந்தும் அடிப்படைச் சுரத்தோடு அதன் மேற்சுரங்களையும் வரிசையாக எழுப்புகிறது. நல்ல ஸ்பீக்கரில் இந்த மேற்சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விரிந்து, மீட்டல்களுக்கிடையே இடைவெளி இல்லாத ஒரே நாதமாகக் கேட்கும். மோசமான ஸ்பீக்கரில் வெறும் ரீங்காரமே மிஞ்சும். கச்சேரிப் பதிவில் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் தம்புரா தெரிகிறதா, மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து கேட்கின்றனவா என்று கவனிப்பவருக்கு, கடைக்காரர் நீட்டும் விளக்கத்தாள் தேவைப்படாது.

தம்புராவே வாங்குவோரின் பெருங்கவலை ஒன்றையும் தீர்த்துவைக்கிறது. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலின் நடு ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். அதற்குரிய தம்புராவின் மந்தர ஷட்ஜம் அதில் பாதியாகிய 65 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பெண் குரலுக்கு இவை முறையே 196, 98 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கக்கூடிய, ஐந்து அல்லது ஆறரை அங்குல வூஃபர் கொண்ட அலமாரி ஸ்பீக்கர் கர்நாடக இசையின் அடித்தளத்தை ஏறக்குறைய முழுமையாகத் தந்துவிடும். திரையிசையின் பேஸ் கிட்டாரில் மிகத் தாழ்ந்த சுரங்கள் 41 ஹெர்ட்ஸ் வரை செல்வது உண்மைதான். எனினும் அவற்றின் மேற்சுரங்களைக் கொண்டே காது அடிப்படைச் சுரத்தை உணர்ந்துகொள்வதால், இழப்பு அஞ்சும் அளவுக்குப் பெரிதன்று.

வாட் என்னும் மயக்கம்

ஆம்ப்ளிபயர் வாங்குவோரை விளம்பரங்கள் நெடுங்காலமாகத் தவறாக வழிநடத்திவந்திருக்கின்றன. பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் டேப்ரிக்கார்டர்களின் மேல் அச்சிடப்பட்ட ஆயிரக்கணக்கான வாட் கணக்கு, எந்த அளவீட்டு முறைக்கும் உட்படாதது. ஆம்ப்ளிபயர் இடைவிடாமல், சிதைவின்றித் தரக்கூடிய ஆர்.எம்.எஸ். அளவே கணக்கில் கொள்ளத்தக்கது. அந்த அளவு எவ்வளவு இருந்தால் போதும் என்பதை ஸ்பீக்கரின் உணர்திறனைக் கொண்டு கணக்கிடலாம். ஒரு வாட் ஆற்றல் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளக்கும்போது எழும் ஒலியின் அளவே உணர்திறன். இது 87 டெசிபல் உள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி அமர்பவருக்கு, பக்கத்துக்கு ஒரே ஒரு வாட்டில் ஏறத்தாழ 80 டெசிபல் ஒலி கிடைக்கிறது. இயல்பான உரையாடல் ஒரு மீட்டர் தூரத்தில் 60 டெசிபலை ஒட்டியது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு வாட்டின் வலிமை விளங்கும். தனி ஆவர்த்தனத்தின் உச்ச அடிகள் சராசரியைவிடப் பத்து, பதினைந்து டெசிபல் மேலே எழும்பும்; பத்து டெசிபல் உயர்வுக்குப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். அதையும் சேர்த்தால்கூட, பக்கத்துக்கு 20 முதல் 30 வாட் உள்ள ஆம்ப்ளிபயர் வீட்டுக் கூடத்துக்குத் தாராளம்.

இதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. 1978-இல் சந்தைக்கு வந்த என்.ஏ.டி. 3020 என்ற ஆம்ப்ளிபயர், எளிய சாம்பல் நிறப் பெட்டியில், பக்கத்துக்கு 20 வாட் என்ற அடக்கமான கணக்கோடு விற்கப்பட்டது. மின்தடை ஏறி இறங்கும் கடினமான ஸ்பீக்கர்களையும் அது தடுமாறாமல் இயக்கியதால், தன்னைவிடப் பல மடங்கு விலையுள்ள கருவிகளை வைத்திருந்தவர்களும் அதை நாடினர். குறைந்த விலை ஹை-ஃபை என்று உலகம் இன்று பேசுவதற்கெல்லாம் அது ஒரு முன்னோடி.

இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில், கொல்கத்தாவில் 1970-இல் தொடங்கிய சோனோடைன், மும்பையின் காஸ்மிக், நார்ஜ் முதலிய நிறுவனங்கள் உள்நாட்டிலேயே ஸ்டீரியோ கருவிகளைத் தயாரித்தன. அவற்றின் பழைய ஆம்ப்ளிபயர்களும் ஸ்பீக்கர்களும் இன்றும் கைமாறுகின்றன. பழையதை வாங்குவோர் இரண்டு இடங்களைத் தவறாமல் பார்க்க வேண்டும். வூஃபரின் கோனைச் சுற்றியுள்ள விளிம்பு ஃபோமால் ஆனதாயின், அது பதினைந்து, இருபது ஆண்டுகளில் தானே உதிர்ந்துவிடும் இயல்புடையது. ரப்பர் விளிம்பு நீடித்து உழைக்கும். ஆம்ப்ளிபயரின் மின்வழங்கியில் உள்ள பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் வயதில் வறண்டு, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகல் ஸ்பீக்கரில் கேட்கத் தொடங்கும். இரண்டுமே சீர்செய்யக்கூடிய குறைகள். ஆனால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே பேரம் பேச வேண்டும்.

சிற்றூர்களின் டி.வி., ரேடியோ மெக்கானிக்குகள் செய்து தரும் அசெம்பிள் ஆம்ப்ளிபயர்களை இளக்காரமாக நினைப்பது தவறு. டி.டி.ஏ. 2030, எல்.எம். 1875 முதலிய ஐ.சி.க்களைக் கொண்டு, தரமான டிரான்ஸ்பார்மரும் போதுமான வெப்பத் தகடும் வைத்துக் கட்டப்படும் இரண்டு சேனல் ஆம்ப்ளிபயர், மேற்சொன்ன 20 வாட் தேவைக்கு அருகிலேயே நிற்கும். அண்மையில் பரவியுள்ள டி.பி.ஏ. 3116 போன்ற டி-வகை ஐ.சி.க்களில் அமைந்த சிறு ஆம்ப்ளிபயர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அவை 24 வோல்ட் அடாப்டரில் இயங்குவதாலும், அத்தகைய அடாப்டர்கள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை எந்த அழுத்தத்தையும் ஏற்பதாலும், மாலை நேரத்தில் மின்னழுத்தம் இறங்கும் தெருக்களிலும் ஸ்டெபிலைசர் இல்லாமலே வேலை செய்கின்றன. மலையடிவார ஊர்களில் இடிமழை நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடும் பழக்கம் மட்டும் எந்தக் கருவிக்கும் வேண்டும்.

ஆம்ப்ளிபயர்களை ஒப்பிடும்போது ஒன்றை நினைவில் கொள்ளுதல் நலம். இரண்டு கருவிகளின் ஒலியளவும் சமமாக இல்லாவிட்டால், சற்றே உரக்க ஒலிப்பதே மேலானதாகக் காதுக்குத் தோன்றும். ஒரு டெசிபல் வேறுபாடுகூடத் தீர்ப்பைச் சாய்த்துவிடும். அளவைச் சமப்படுத்தி, எது எந்தக் கருவி என்று சொல்லாமல் நடத்தும் சோதனைகளில், எல்லைக்குள் இயங்கும் நல்ல ஆம்ப்ளிபயர்களைப் பிரித்தறிவது பழகிய காதுகளுக்கே பெரும் பாடாக இருந்திருக்கிறது. ஸ்பீக்கர்களின் நிலை வேறு: அவற்றிடையே வேறுபாடு பெரிது. கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் கருவியின் அடையாளத்தை மறைத்து நடத்திய கேட்புச் சோதனைகள், மேடு பள்ளம் இல்லாத சீரான ஒலிப்பும், நேர் எதிரிலும் பக்கவாட்டிலும் மாறுபடாத பரவலும் உள்ள ஸ்பீக்கர்களையே பெரும்பாலோர் விரும்புகின்றனர் என்பதைக் காட்டின. எனவே ஒதுக்கிய தொகையில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போவதே முறை. கம்பிக்குச் செலவிடத் தேவையே இல்லை. வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை, ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போய்வர ஏறத்தாழ 0.12 ஓம் மட்டுமே. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டன்று. இசையின் மூலமாக வீட்டிலுள்ள பழைய டி.வி.டி. பிளேயரோ, கைப்பேசியோடு இணைக்கும் சிறு டாங்கிளோ, கோடைப் பண்பலையைப் பிடிக்கும் எஃப்.எம். ரேடியோவோ போதும்.

பஞ்சு நாட்டின் கொடை

மேலே சொன்ன டைல்ஸ் தரைக் கூடத்துக்கு இனித் திரும்ப வேண்டும், ஏனெனில் குறைந்த செலவில் மிகுந்த பயன் கிட்டும் இடம் அதுவே. 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், பேச்சே புரியாத அளவுக்கு எதிரொலித்த ஒரு விரிவுரைக் கூடத்தைச் சீர்செய்யும் பணி வாலஸ் சபீன் என்ற இளம் இயற்பியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் கொண்டுவந்து அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒலி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர் அளந்தார். அதிலிருந்து பிறந்த விதி எளிமையானது: அறையின் கன அளவைக் கன மீட்டரில் கண்டு, 0.161-ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த உறிஞ்சுபரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் குறைந்து அடங்குவதற்கான நேரம் நொடியில் கிடைக்கும். ஒலியை முழுதாக வெளியே விட்டுவிடும் திறந்த சன்னலையே உறிஞ்சுபரப்பின் அளவுகோலாக அவர் கொண்டார்.

பத்துக்குப் பன்னிரண்டு அடியும் பத்தடி உயரமும் உள்ள வெற்றுக் கூடத்தின் கன அளவு 34 கன மீட்டர். பூச்சுச் சுவரும் டைல்ஸும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கை உறிஞ்சுவதாகக் கொண்டால், மொத்த உறிஞ்சுபரப்பு இரண்டு சதுர மீட்டரைக்கூட எட்டாது. அங்கு ஒலி அடங்க மூன்று நொடிக்குச் சற்றே குறைவாக ஆகும். ஒரு துரிதகாலக் கற்பனைச் சுரத்தில் அந்த மூன்று நொடிக்குள் ஓர் ஆவர்த்தனமே கடந்துபோகலாம் என்பதால், முதல் சுரத்தின் எதிரொலி அடங்குவதற்கு முன் அடுத்த வரிசை முழுவதும் வந்து அதன்மேல் குவிந்துவிடுகிறது. இந்தக் குழப்பத்தை எந்த ஆம்ப்ளிபயராலும் திருத்த முடியாது.

பஞ்சு திருத்தும். நான்கடிக்கு இரண்டடி மரச்சட்டத்தில் நான்கு அங்குலத் தடிமனுக்குப் பஞ்சை நிரப்பி, காற்று புகக்கூடிய துணியால் மூடிச் சுவரில் மாட்டினால், ஒன்றுக்கு முக்கால் சதுர மீட்டர் உறிஞ்சுபரப்புக்கு அருகில் கிடைக்கிறது. இவ்வாறு ஆறு சட்டங்களும், தரையில் ஒரு ஜமுக்காளமும், அமர்ந்து கேட்கும் இருவரின் உடலும் சேர்ந்தாலே அடங்கும் நேரம் முக்கால் நொடியை ஒட்டி இறங்கிவிடும். சன்னலைத் திறந்துவைத்தால் இன்னும் குறையும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா நிறுவிய ராஜபாளையம் மில்ஸ் தொடங்கி நூற்பாலைகள் பெருகிய இவ்வட்டாரத்தில், நூற்புக்கு உதவாத கழிவுப் பஞ்சு கிடைப்பதற்கு அரிய பொருளன்று. நைட்டி உற்பத்திக்குப் பெயர்பெற்ற தளவாய்புரத்தின் வெட்டுத் துணியையும் சட்டத்துக்குள் அடைக்கலாம். மூடுவதற்குச் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணியைவிடப் பொருத்தமானது வேறொன்றில்லை, ஏனெனில் அதன் தளர்ந்த நெசவு ஒலியைத் தடுக்காமல் பஞ்சுக்குள் செல்லவிடுகிறது. ஸ்பீக்கரின் முன்பக்கத் துணி கிழிந்திருந்தாலும் அதே துணி உதவும். பஞ்சு எளிதில் தீப்பற்றும் பொருளாதலால், இச்சட்டங்களை பிளக் பாயிண்டுகளிலிருந்தும் பூஜை விளக்கிலிருந்தும் தள்ளியே மாட்ட வேண்டும்.

பஞ்சால் ஆகாத வேலையும் ஒன்று உண்டு. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலியலை முன்னும் பின்னும் மோதும்போது, தூரத்துக்கு ஏற்ற ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் மட்டும் பெருகி நிற்கிறது. பத்தடி இடைவெளிக்கு அது 56 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றுமே பத்தடியாக உள்ள அறையில் மூன்று திசைகளிலும் அதே அதிர்வெண் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, பேஸ் முழுவதும் ஒரே சுரத்தில் பொம்மென்று ஒலிக்கும். அந்த அறைக்குள் சப்வூஃபரைக் கொண்டுவருவது நோயை விலை கொடுத்து வாங்குவதாகும். ஸ்பீக்கரை மூலையில் வைத்தாலும் இதே பொம்மல் ஏறும் என்பதால், பக்கச் சுவரிலிருந்து இரண்டடியேனும் தள்ளி, இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமையும்படி வைப்பது நல்லது. ட்வீட்டர் காதின் உயரத்தில் இருக்க வேண்டும் என்ற விதியைத் தரையில் அமர்ந்து கேட்கும் வீடுகளுக்கு மாற்றிச் சொல்வதானால், அது தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை அடி. பீரோவின் தலைமேலும் ஷோகேஸின் உள்ளேயும் அடைக்கப்பட்ட ஸ்பீக்கர்கள், எவ்வளவு விலையுள்ளவையாயினும், தம் தகுதியைக் காட்ட முடியாது.

கடைக்குக் கொண்டுபோக மூன்று பதிவுகள்

ஸ்பீக்கரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. கேட்பதற்குக் கடைக்காரர் போடும் வெடிச்சத்தத்தை நம்பவும் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மார்கழிதோறும் ஒலிக்கும் திருப்பாவையே முதல் பதிவாகலாம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பண்ணமைத்த முப்பது பாசுரங்களையும் எம்.எல். வசந்தகுமாரி பாடிய பதிவில், கேட்பவருக்குச் சொல் ஒவ்வொன்றும் முன்பே மனப்பாடமாக இருப்பதால், எந்த எழுத்தை ஸ்பீக்கர் விழுங்குகிறது என்பது உடனே பிடிபட்டுவிடும்.

இரண்டாவது, 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் இணையும் பாடல். அக்காலத் திரைப்பாடல்களைப் போல ஒற்றைத் தடத்தில் பதிவானது அது என்பதே இங்கு அதன் சிறப்பு: இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருவதால், குரல் இரண்டுக்கும் நட்டநடுவே ஒரு புள்ளியில் நின்று ஒலிக்க வேண்டும். அது கலைந்து அகலமாகப் பரவினால் ஸ்பீக்கர்கள் இரண்டும் ஒத்தவை அல்ல, அல்லது ஒன்றின் பிளஸ், மைனஸ் கம்பிகள் மாறியிருக்கின்றன. குரலிலிருந்து நாகஸ்வரத்துக்கு மாறும் இடத்தில், அதன் சீவாளியின் உயிர்ப்பு காதைக் குத்தாமல் ஒலிக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். ட்வீட்டரின் கடுமை வெளிப்படும் இடம் அதுவே.

மூன்றாவது, ஸ்டீரியோ முறையில் பதிவானதாக இருக்க வேண்டும். தமிழில் அம்முறையில் பதிவான முதல் திரைப்பாடல்களாக அறியப்படுபவை 1978-இல் வந்த 'பிரியா' படத்தின் பாடல்கள். 1986-இல் இளையராஜா வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் வி.எஸ். நரசிம்மனின் வயலினைச் சூழ்ந்து தந்திக்கருவிகளின் கூட்டம் இடமும் வலமுமாக விரிகிறது. எந்த வயலின் குழு எங்கே அமர்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு விரல் நீட்டிச் சொல்ல முடிந்தால், அந்த ஸ்பீக்கர் தேறியது.

இம்மூன்றிலும் தேறும் ஒரு ஜோடி கிடைத்தால், பெட்டியின் மேல் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் வாங்கிவிடலாம். வட்டாரத்தில் ஆம்ப்ளிபயர் அசெம்பிள் செய்து தரும் மெக்கானிக்குகளிடம் ஒரு வேண்டுகோள் உண்டு: ஒவ்வொரு பெட்டியின் பின்புறத்திலும் அதன் உண்மையான ஆர்.எம்.எஸ். வாட்டையும், அது தாங்கும் ஓம் அளவையும் எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்குவோரும் அந்த இரண்டு எண்களைக் கேட்டு வாங்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டாம்.